ஆளுநர் நைலாவின் கையெழுத்து

4 பிப்ரவரி 2019, திங்கள்

மதிப்பிற்குரிய திரு. ராஸ்கோ டில்லார்ட் அவர்களுக்கு,

நைலாவின் வகுப்பாசிரியை என்ற முறையில் இதை எழுதுகிறேன். அடுத்த திங்கள் முதல் நான்காம் வகுப்பில் மாநில அரசாங்கம் பற்றிய பாடம் தொடங்குகிறது. சட்டமன்றம், ஆளுநர், நீதிமன்றம் என்ற மூன்றும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன, ஒன்றை ஒன்று எங்கே தடுத்து நிறுத்துகின்றன என்பது பாடம். புத்தகத்தைப் படித்துக்காட்டினால் ஒன்பது வயதுப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் வருடாவருடம் வகுப்பையே ஒரு மாநிலமாக்கிவிடுவது என் வழக்கம். அவர்களே ஓட்டுப் போட்டு ஆளுநரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர்களே சட்டம் போடுவார்கள், அவர்களே தீர்ப்பும் சொல்வார்கள்.

ஆகஸ்டில் நைலா என் வகுப்புக்கு வந்தபோது, "இருக்கறது ஒரே ஒரு நாலாம் வகுப்பு. யாரு சொல்லிக் குடுத்தாலும் படிக்கட்டும். ஆனா அந்தம்மா என்கிட்டப் பேச வேணாம்" என்று தலைமை ஆசிரியையிடம் நீங்கள் சொன்னதாக அறிந்தேன். இத்தனை மாதமும் அதை மதித்தே நடந்தேன்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. என் தம்பி லெமுவெலின் தண்டனைக்கு நாள் குறிக்கச் சொல்லி அரசுத் தரப்பு மாநில உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டிருப்பதை வெள்ளிக்கிழமைச் செய்தியில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். நீதிமன்றம், தண்டனை என்றெல்லாம் வகுப்பில் பேச்சு வரும். அந்த நேரங்களில் நைலா நூலகத்தில் இருக்கட்டும் என்று நீங்கள் விரும்பினால் அப்படியே செய்கிறேன். கீழே கையெழுத்திட்டு அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
வெர்னிஸ் ஹேர்ஸ்டன்

*

5 பிப்ரவரி

திருமதி ஹேர்ஸ்டன்,

நைலா வகுப்பில்தான் உட்காருவாள். செத்தது அவள் தாத்தா. அவள் எதற்கு வெளியே போக வேண்டும்?

புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் தம்பியை வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். இனிமேல் கடிதம் அனுப்பினால் உறையை ஒட்டி அனுப்புங்கள். பையில் இருந்ததைப் பிரித்துப் படித்துவிட்டு, "அப்பா, நாள் குறிக்கறதுன்னா கல்யாணமா?" என்று கேட்டாள்.

ரா. டில்லார்ட்

*

15 பிப்ரவரி

மதிப்பிற்குரிய திரு. டில்லார்ட் அவர்களுக்கு,

உறையை ஒட்டாதது என் தவறு. மன்னிக்கவும்.

நைலா வீட்டில் சொல்லியிருப்பாள். பதினொன்றுக்கு எட்டு ஓட்டில் அவள்தான் ஆளுநர். நான் எதுவும் செய்யவில்லை. "எனக்கு ஓட்டுப் போட்டா நான் யாரையும் பாத்துக் கத்த மாட்டேன்" என்று ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்தாள். எதிர்த்து நின்ற பையன் எல்லோருக்கும் மிட்டாய் தருவதாகச் சொல்லித் தோற்றான்.

சட்டமன்றம் கூடி முதல் சட்டம் போட்டது. அடுத்தவர் பொருளை எடுத்தால் நான்கு வாரத்துக்கு விளையாட்டு நேரம் கிடையாது. ஆளுநர் யோசித்துத்தான் கையெழுத்திட்டார். புதன்கிழமையே கேடென்ஸ் என்ற பெண் அதில் மாட்டிக்கொண்டாள். விசாரணையைக் கேட்டிருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

"பேனாவ எடுத்தியா?"

"எடுத்தேன். ஆனா திருப்பிக் குடுக்கலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

"மை தீந்தப்புறம்."

நான்கு வாரம் என்று நீதிபதிகள் மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். கேடென்ஸ் சுவரோரம் உட்கார்ந்து மற்றவர்கள் விளையாடுவதைப் பார்க்கிறாள்.

ஆளுநர் வேலைக்காக நைலா வியாழக்கிழமைகளில் பள்ளி முடிந்து அரைமணி நேரம் இருக்க விரும்புகிறாள். உங்கள் அனுமதி வேண்டும்.

வெர்னிஸ் ஹேர்ஸ்டன்

*

19 பிப்ரவரி

டீச்சர்,

இருக்கட்டும். வியாழக்கிழமை நான் ஓட்டும் கெளுத்தி மீன் லாரியைப் பண்ணையில் விட்டுவிட்டு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

ஆளுநர் அம்மா நேற்று என் வெண்டைக்காய் வறுவலை ரத்து செய்துவிட்டார். "இந்த வீட்டுக்கு ஆளுநர் நான்டி" என்றேன். "இல்லப்பா, நீங்க சட்டமன்றம். நீங்க சமைக்கலாம். நான் கையெழுத்துப் போட்டாத்தான் சாப்பாடு" என்கிறாள். இவள் அம்மா அட்லாண்டாவுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு இவள் மேசையில் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அதற்காக நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. உங்கள் தம்பியின் வக்கீலம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என்னைத் தேடி வந்தார். நீங்கள் அனுப்பினீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். சாகும்வரை சிறையிலேயே வைத்துக்கொள்ளட்டும், உயிரை எடுக்க வேண்டாம் என்று நான் ஆளுநருக்கு எழுதித் தர வேண்டுமாம். கொல்லப்பட்டவரின் மகன் எழுதினால் கருணை மனுவுக்குக் கொஞ்சம் கனம் கிடைக்குமாம்.

தீர்ப்பு சொன்ன அன்றைக்கு நான் நீதிமன்றத்தில் இருந்தேன். உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் மறுபக்கம் இருந்தீர்கள். ஜூரியில் பத்துப் பேர் ஆயுள் என்றார்கள், இரண்டு பேர் மரணம் என்றார்கள். நீதிபதி அந்தப் பத்துப் பேரையும் ஓரம் தள்ளிவிட்டு மரணம் என்றார். நான் கைதட்டினேன். காவலர் வந்து தோளை அழுத்தி உட்கார வைத்தார். அந்தக் கைதட்டலைப் பற்றிப் பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன். அப்படி ஜூரியை மீறும் அதிகாரத்தை இரண்டு வருடத்துக்கு முன்னால் சட்டமன்றம் எடுத்துவிட்டதாம். ஆனால் பழைய தீர்ப்புகளுக்கு அது பொருந்தாதாம். வக்கீலம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒன்றும் பேச வேண்டாம். நல்லதாகவும் வேண்டாம், கெட்டதாகவும் வேண்டாம். என் போக்கில் விடுங்கள்.

ராஸ்கோ

*

1 மார்ச், வெள்ளி

வெர்னிஸ்,

என் போக்கில் விடு என்று எழுதினேனா இல்லையா?

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் என் மகள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, நான் கேடென்ஸை விட்டுட்டேன். சட்டமன்றம் நாலு வாரத்த ஒரு நாளா மாத்திடுச்சு. ஆனா கேடென்ஸுக்கு மட்டும் பழசுதான்னு போர்டுல எழுதியிருந்துச்சு. அவ மனு குடுத்தா. நீதிபதிங்க எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. ஆளுநரால மட்டும்தான் முடியும்னு டீச்சர் சொன்னாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் கைதட்டினாங்க."

நல்லதும்மா என்றேன். பிறகு அவள் கேட்டாள்: "நெஜ ஆளுநர் டீச்சரோட தம்பிய அதே மாதிரி விட முடியும்தானே? நீங்க மனு குடுப்பீங்களா?"

கையில் இருந்த சோளரொட்டியை அப்படியே வைத்துவிட்டேன்.

நாமிருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். உனக்குத் தந்திரம் வரும் என்று எனக்குத் தெரியாது. என் அப்பாவைக் கொன்றவனுக்காக என் மகளின் கையால் கையெழுத்துப் போட வைத்திருக்கிறாய். தலைமை ஆசிரியையிடமும் பள்ளிக் குழுவிடமும் இன்று காலையே சொல்லிவிட்டேன்.

ராஸ்கோ டில்லார்ட்

*

2 மார்ச்

மதிப்பிற்குரிய திரு. டில்லார்ட் அவர்களுக்கு,

தங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நடந்ததைத் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆளுநரின் மன்னிக்கும் அதிகாரம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பதினைந்து வருடமாக அதை நடத்துகிறேன். சட்டத்தை மாற்றியது பிள்ளைகள், மனு கொடுத்தது கேடென்ஸ், கையெழுத்திட்டது நைலாவின் சொந்த முடிவு. என் தம்பியின் பெயரை நான் ஒருமுறைகூட வகுப்பில் சொன்னதில்லை. நைலா தானாகவே அந்தத் தொடர்பைக் கண்டுகொண்டாள் என்றால் அது அவளுடைய புத்திக்கூர்மை.

வெர்னிஸ் ஹேர்ஸ்டன்

*

11 மார்ச்

ராஸ்கோ,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடாதது நல்லது. அது பொய்க் கடிதம்.

பள்ளிக் குழு என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டது. வகுப்பை வேறொருவர் நடத்துகிறார். அதனால் இது தபாலில் வருகிறது. ஏழு நாளாகச் சமையலறையில் உட்கார்ந்து, குழுவிடம் என்ன சொல்வது என்று எழுதி எழுதிக் கிழிக்கிறேன். உன்னிடம் முதலில் சொல்லிவிட்டால் அவர்களிடம் சொல்வது சுலபமாக இருக்கும்.

சட்டத்தை மாற்றும் யோசனை பிள்ளைகளுடையது அல்ல. "நாலு வாரம் ரொம்ப அதிகமோ?" என்று நான்தான் கேட்டேன். உன் கடிதம் வந்த மறுநாள் அது. ஒரு நாளாகக் குறைத்தார்கள். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அப்ப கேடென்ஸ் வெளையாட வரலாம்ல?" என்றது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நான் சுண்ணக்கட்டியை எடுத்து, புதிய சட்டம் இனிமேல் தவறு செய்பவர்களுக்கு மட்டும் என்று எழுதினேன். லெமுக்குச் செய்தது அதுதானே. அதைப் பிள்ளைகள் ஒருமுறை பார்க்கட்டும் என்று நினைத்தேன். பிள்ளைகள் என்று எழுதுகிறேன். நைலா பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். அவள் பார்த்தால் நீயும் பார்ப்பாய்.

இன்னும் ஆறு நாள் கேடென்ஸ் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான்காவது நாள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தம்பிக்காக ஒன்பது வயதுப் பெண்ணை வெயிலில் உட்கார வைத்தேன். பிறகு மனு எழுதச் சொன்னேன், வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தேன், நைலாவின் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன். அன்று சாயங்காலம் நீ சாப்பிட உட்காரும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. நாள் குறித்துவிட்டார்கள். ஏப்ரல் பதினொன்று, மாலை ஆறு மணி.

வெர்னிஸ்

*

20 மார்ச்

வெர்னிஸ்,

உன் கடிதத்தை லாரியில் வைத்து ஒரு வாரம் சுற்றினேன்.

நீ சொன்னாய், நானும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி இருபத்தேழாம் தேதி, புதன்கிழமை, வக்கீலம்மா கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டேன். உயிரை எடுக்க வேண்டாம் என்ற தாள். உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, உப்புக் குடுவையில் சாய்த்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஊருக்குள் போகும்போது போடலாம் என்றிருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் நைலா அந்தக் கதையைச் சொன்னாள். அந்த உறை அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

கிழித்துவிட்டேன். வேறொரு கடிதம் எழுதினேன். தண்டனையை நிறைவேற்றுங்கள், எங்கள் குடும்பம் பத்தொன்பது வருடமாகக் காத்திருக்கிறது என்று எழுதி ஆளுநருக்கு அனுப்பினேன். உன்மேல் இருந்த ஆத்திரத்தில் எழுதினேன். அவன்மேல் அல்ல. அவன்மேல் அவ்வளவு ஆத்திரம் இப்போது எனக்கு இல்லை, அதுவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீ ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் அந்த உறை போய்ச் சேர்ந்திருக்கும். இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். பிறகு ஏன் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நைலா பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள். "நான் கையெழுத்துப் போட்டதாலதான் டீச்சர அனுப்பிட்டாங்க" என்று அழுகிறாள். இல்லை என்று எத்தனை முறை சொல்வது? நேற்று வேறு ஒன்று கேட்டாள்.

"தாத்தா கடைசியா என்ன சொன்னாரு?"

"யாருக்கும் தெரியாதும்மா. தாத்தா கடையில அப்ப வேற யாரும் இல்ல."

"டீச்சரோட தம்பி இருந்தாருல்ல?"

பத்தொன்பது வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. விசாரணையில் அவன் வாயே திறக்கவில்லை. கொள்ளையடிக்க அவனோடு கூட வந்தவன் வெளியே வண்டியில் இருந்தான். நீ அவனைப் பார்க்கப் போவாய் அல்லவா? கேட்டு எழுது. இனிப்புத் தடவாமல் எழுது.

ராஸ்கோ

*

1 ஏப்ரல்

ராஸ்கோ,

உன் கடிதத்தில் அந்த உறையைப் பற்றிப் படித்தபின் எத்தனை நாள் எப்படிப் போயிற்று என்று எழுத மாட்டேன். அது என்னோடு இருக்கட்டும்.

சனிக்கிழமை லெமைப் பார்த்தேன். நாற்பது வயதுக்கு முன்பே அவன் தலை முழுக்க நரைத்துவிட்டது. உறை விஷயத்தை அவனிடம் சொன்னேன். சொல்லாமல் எதிரே உட்கார முடியவில்லை. "அந்த மனுஷன் கையெழுத்துப் போட்டாரா?" என்று கேட்டான். கிழித்ததைப் பற்றிக் கேட்கவில்லை. போட்டதைப் பற்றி இரண்டு முறை கேட்டான்.

பிறகு நைலாவின் கேள்வியைக் கேட்டேன். அவன் சொன்னதை, சொன்னபடியே எழுதுகிறேன்.

"மொகத்துல துணி கட்டியிருந்தேன் அக்கா. அவரு என் செருப்பப் பாத்தாரு. அப்பறம் நிமிந்து பாத்து, 'லெமுவெல் ஹேர்ஸ்டன், நீ க்ளியோ ஹேர்ஸ்டன் புள்ள. அதக் கீழ வெச்சிட்டு வீட்டுக்குப் போ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'னாரு. சொல்ல மாட்டாருன்னு எனக்குத் தெரியும். பொய் சொல்ற ஆளில்ல அவரு. ஆனா முழுப் பேரையும் சொன்னாரு பாரு, அம்மா பேரையும் சேத்து. அந்தப் பேரு இனிமே அவரு வாயில இருக்கக் கூடாதுன்னு தோணிச்சு. சுட்டுட்டேன். பயந்து சுடல. அவர் என்னை விட்டுட்டாரு, அதுக்கப்புறம்தான் சுட்டேன்."

இதை ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா யாரு மன்னிப்பா?" என்றான். அவன் வக்கீலுக்குக்கூட இது தெரியாது. எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதிடு. அந்தப் பொண்ணு கேட்டிருக்கு. கேட்டவங்களுக்குத்தானே சொல்லணும்" என்றான்.

உன் அப்பா அவனை மன்னித்தார் என்று எழுதினால் எனக்குச் சாதகமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை உன்னிடம் பொய் சொன்னவள். இதையும் நான் கட்டிச் சொல்வதாக நீ நினைத்தால் என்னிடம் மறுப்பு இல்லை.

வெர்னிஸ்

*

5 ஏப்ரல்

வெர்னிஸ்,

நீ கட்டியது இல்லை. அப்பா எந்தப் பிள்ளையையும் சுருக்கிக் கூப்பிட மாட்டார். முழுப் பேர், அப்புறம் யார் பிள்ளை என்று. என்னையே "ராஸ்கோ டில்லார்ட், மேமி டில்லார்ட் புள்ள" என்றுதான் திட்டுவார், என்னவோ எனக்குத் தெரியாதது போல. உனக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. நீங்கள் எங்கள் கடைக்கு வருவதில்லை.

உன் கடிதம் செவ்வாய் வந்தது. புதன் காலை லாரியை முதலாளியிடம் விட்டுவிட்டுத் தலைநகருக்குக் கிளம்பினேன். மூன்று மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டேன்.

ஆளுநர் அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். நான் முன்பு அனுப்பிய கடிதம் தப்பு, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கோப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். "சார், கருணை மனு போன வாரமே முடிஞ்சிடுச்சு. உங்க குடும்பத்தோட கடிதத்தையும் ஆளுநர் கவனத்துல எடுத்துக்கிட்டாங்க." நான் எழுதியதைத்தான் சொல்கிறாள். "புதுசா ஒண்ணு எழுதித் தரேன்" என்றேன். வாங்கிக்கொண்டாள். முத்திரை குத்தினாள். "இது நீதிமன்றத் தீர்ப்பு சார், ஆளுநர் அதுல குறுக்க நிக்க விரும்பல" என்றாள்.

அதனால் தெருவைத் தாண்டி நீதிமன்றத்துக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், "நாங்க சட்டத்தத்தான் பாக்க முடியும் ஐயா. யாரு மனசு மாறிச்சுன்னு பாக்க முடியாது. அதுக்குத்தானே ஆளுநர்" என்றார். நம் தொகுதி உறுப்பினர் சட்டமன்ற வளாகத்தில் இருந்தார், அவரையும் பிடித்தேன். கையைக் குலுக்கினார், அப்பாவைத் தெரியும் என்றார். "அந்தச் சட்டத்த மாத்தறப்ப நான் ஆதரிச்சுதான் ஓட்டுப் போட்டேன் ராஸ்கோ. பழைய வழக்கையும் சேத்திருந்தா நெறைவேறியிருக்காது. இனி எங்க கையில இல்ல."

ஒருவர்கூட என்னிடம் முகம் சுளிக்கவில்லை. ஒருவர்கூடப் பொய் சொன்னதாகவும் தெரியவில்லை. நீ பிள்ளைகளுக்கு நடத்தும் பாடத்தை நான் ஒரே நாளில் நடந்து பார்த்துவிட்டேன். திரும்பி வந்தால், தப்பான இடத்தில் நிறுத்தியதற்கு என் வண்டியில் அபராதச் சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

தாத்தா என்ன சொன்னார் என்று நைலாவிடம் சொன்னேன். சுட்டதையும் சொன்னேன். இனிப்புத் தடவவில்லை. எழுந்துபோய் அவள் அறையில் இருந்த சிங்கப் பொம்மையை எடுத்து வந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது. வக்கீலம்மா என்னைத் தொலைபேசியில் எங்கெல்லாமோ பேச வைக்கிறார். பேசுகிறேன்.

ராஸ்கோ

*

12 ஏப்ரல், வெள்ளி

வெர்னிஸ்,

நேற்று உன்னைப் பார்த்தேன். தண்டனை அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள், தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ. உன் தோள் மட்டும் தெரிந்தது.

போகாமல் இருந்திருக்கலாம். வருகிறேன் என்று பத்தொன்பது வருடத்துக்கு முன்பே பெயர் கொடுத்திருந்தேன். போகாவிட்டால், என் கடிதத்தை எழுதிவிட்டு ஓடிப்போனவன் ஆவேன் என்று தோன்றியது. லெமுவெல் நம் இரண்டு பக்கத்தையும் பார்த்தான். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள், இல்லை என்று தலையசைத்தான். உயிர் அடங்க ரொம்ப நேரம் ஆனது. அவர்கள் பிறகு சொன்ன நேரத்தைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். பசித்தது. கோழி வறுவல் வைத்த ரொட்டி இரண்டு வாங்கி நின்றுகொண்டே தின்றேன். இரண்டையும் தின்றேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னிடம் சொல்கிறேன்.

நைலா இன்று காலை, "ஆளுநர் கையெழுத்துப் போடலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "போட முடியாதா?" என்றாள். நீ டீச்சர். என்ன சொல்வது என்று எழுது.

ராஸ்கோ

*

14 ஏப்ரல், ஞாயிறு

ராஸ்கோ,

நீ வந்தது எனக்குத் தெரியும். இருமினாய், அப்போதே தெரிந்தது.

நைலாவிடம், முடியும் என்று சொல். நான் சொல்லிக்கொடுத்தது சரிதான், ஆளுநரால் முடியும், செய்யவில்லை என்று சொல். ஏன் என்று கேட்பாள். தெரியாது என்று சொல். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிக்கொடுத்துத்தான் நான் இங்கே வந்து நிற்கிறேன். பள்ளிக் குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். கேடென்ஸின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்து, கேட்டு, சாத்திக்கொண்டார். அது போதும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்கும் உரிமை எனக்கு இல்லை. இருந்தும் வேறு வழியும் இல்லை. லெமின் உடலை நாளை தருகிறார்கள். அம்மாவின் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவனுடைய ஒரே ஆசை. நம் சர்ச் கல்லறையில் அம்மாவுக்கு மூன்று அடி தள்ளி உன் அப்பா இருக்கிறார். "டில்லார்ட் வீட்டுல சம்மதிச்சா எங்களுக்கு ஒண்ணுமில்ல. அவங்க வேணாம்னா நாங்க மண்ணத் தொட மாட்டோம்" என்கிறார்கள் சர்ச் மூப்பர்கள்.

வேண்டாம் என்று நீ சொன்னால், காரணம் கேட்க மாட்டேன்.

வெர்னிஸ்

*

16 ஏப்ரல்

வெர்னிஸ்,

நேற்றுச் சாயங்காலம் கல்லறைக்குப் போய் நின்று பார்த்தேன். உன் அம்மாவின் பக்கத்தில் வேண்டாம். அப்பாவுக்கு அவ்வளவு அருகில் அவன் படுப்பதை என்னால் தாங்க முடியாது. முயன்று பார்த்தேன், முடியவில்லை.

கிழக்கு வேலியோரம், பெக்கன் மரத்துக்குக் கீழே இடம் இருக்கிறது. கல்லறைக்கு உள்ளேதான், வெளியே இல்லை. அங்கே வைத்துக்கொள். மூப்பர்களிடம் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் களிமண், வேர் வேறு ஓடுகிறது. கூலிக்கு வருகிற பையன்கள் இடுப்பளவு தோண்டிவிட்டு ஆழமாகிவிட்டது என்பார்கள். வெள்ளிக்கிழமை எனக்கு லாரி இல்லை. காலை ஏழு மணிக்கு மண்வெட்டியும் கோடாரியும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

ராஸ்கோ